ஞாயிற்றுக்கிழமை லைன்

எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சள் தொப்பி தொங்கும். கம்பெனியில் எங்களைப் போன்ற ஆபரேட்டர்களுக்கு நீலத் தொப்பி, நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சாமான் பூட்டும் லைனின் லீடருக்கு மஞ்சள். அந்த மஞ்சள் தூரத்தில் தெரிந்தாலே லைனில் பேச்சு நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட தொப்பிக்குச் சொந்தக்காரரோடு ஒரே அறையில் படுத்து எழுந்திருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. சுங்குவார்சத்திரத்தில் மாடிமேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன அறை. கூட இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். வாடகையைப் பகிர இன்னொரு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். பையும் பாயுமாக வந்து நின்றவர் எங்கள் லீடர். சரிதான், தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டேன். லைனில் லீடர், அறையில் அக்கா என்று இரண்டாகப் பிரித்து வைத்துக் கொஞ்ச நாள் சமாளித்தேன். பிறகு லைனிலும் வாய் தவறி அக்கா என்றே வந்தது. அவரும் அதற்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்காவுக்குத் திசையன்விளைப் பக்கம். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்தவர். எனக்குச் செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பிளஸ் டூதான் படிப்பு. அவருக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் ஒருவர் இருந்தார், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வார். மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடும், ஷிஃப்ட் இழுத்துக்கொண்டு போய்விடும். ஞாயிறுதான் வம்பு. மாடியில் இருந்த மற்றப் பெண்கள் துணி துவைப்பார்கள், சினிமாவுக்குப் போவார்கள், யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே மொட்டை மாடியைத் தேய்ப்பார்கள். அக்கா ஷிஃப்டுக்குப் போகிறவர் மாதிரி விடியும்போதே குளித்து, தலைவாரி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டால், எங்கேயும் இல்லை என்பார். ஒரு மனுஷி இவ்வளவு தனியாக இருக்க முடியுமா என்று எனக்கு அப்போது பயமாகக்கூட இருந்தது. இப்போது பயமில்லை, எனக்கும் பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து எங்களைப் பென்னலூருக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். சுவருக்கு வெள்ளையடித்து, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கு. மரக்கன்றைச் சுற்றி நின்ற பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. உங்கள் கம்பெனியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். செல்போன் சார்ஜர் என்றார் அக்கா. அப்படியென்றால் ஒன்று செய்து காட்டுங்கள் என்றது ஒரு வாண்டு. அக்காவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு ஷிஃப்டில் கணக்கில்லாமல் சார்ஜர் போகிற லைனை நடத்துகிறவர்தான். ஆனால் கையில் சாமானைக் கொடுத்து முழுசாக ஒன்று செய் என்றால், அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டிப்ளமோவில் எல்லாம் படம் போட்டுத்தான் படித்தார்களாம். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். தலைமை ஆசிரியரும் சரி என்றார். அறிவியல் கண்காட்சிக்கு அனுப்ப அவரிடம் ஒன்றும் இல்லையாம்.

கரன்ட் எப்போது போகும் என்று தெரியாத வருஷங்கள் அவை. அதனால் எமர்ஜென்சி விளக்கு என்று முடிவானது. சின்ன எல்.இ.டி. பல்புகள், ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு ரெசிஸ்டர், கொஞ்சம் ஒயர், இனிப்புக் கடை பிளாஸ்டிக் டப்பா. தொழில்நுட்பம் அவ்வளவுதான். அக்கா வகுப்பறைக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பெஞ்சுகளை இழுத்து நீளமாக ஒரே வரிசையாகப் போட்டார். எங்கள் லைனில் போலவே ஆளுக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு வேலை. ஒருவன் ஒயரின் முனையைச் சீவ வேண்டும். அடுத்தவன் முறுக்க வேண்டும். அடுத்தவள் டப்பா மூடியில் பல்பைச் செருக வேண்டும். ஒருத்தி சுவிட்ச் மாட்ட வேண்டும், ஒருத்தி டேப் ஒட்ட வேண்டும், கடைசியில் இருப்பவன் போட்டுப் பார்த்துவிட்டு ஓகே சொல்ல வேண்டும். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஒரு பொருளைச் செய்ய வேறு வழி இருப்பதாகவே எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த லைன் என்னமாக ஓடியது! பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆளுக்கொரு விளக்கு வீட்டுக்குப் போனது. ஞாயிறானால் நாங்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும் முன்பே கேட்டில் கூட்டம் நிற்கும். ஒருவரும் மட்டம் போட மாட்டார்கள். ஒயர் முறுக்குகிறவன் வராவிட்டால் அன்றைக்கு விளக்கே கிடையாதே, மற்றவர்கள் வீட்டுக்கே போய் அவனை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சுவிட்ச் மாட்டும் ஆறாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் 'சுவிட்ச்' என்றே பெயர் வைத்துவிட்டேன். காய்ச்சலோடுகூட வந்து உட்காருவாள். அக்கா அந்த நாட்களில் அறையில் பாட்டு முணுமுணுத்ததை என் காதால் கேட்டேன். சனிக்கிழமை மாலையே பையில் டேப்பும் ஒயரும் எடுத்து வைத்துவிட்டு, எனக்கும் சேர்த்து வெங்காயம் நறுக்குவார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம்.

கண்காட்சி வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். எங்கள் மேசைக்கு முன்னால் சுவிட்ச் நின்றாள், பக்கத்தில் இரண்டு மூன்று பேர். நடுவராக வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெரிய வாத்தியார். விளக்கைப் போடச் சொன்னார். எரியவில்லை. வரும் வழியில் எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகத்தான் கேட்டார், திறந்து பார்த்துச் சரி பண்ணேன் பாப்பா என்று.

"அது என் ஸ்டேஷன் இல்ல சார்" என்றாள் அவள். "நான் சுச்சி மட்டும்தான் வெப்பேன். ஒயர் முறுக்கறவன் இன்னிக்கி வரல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், சிரிப்பு வரத்தானே செய்யும். வாத்தியார் மற்றப் பிள்ளைகளையும் கேட்டுப் பார்த்தார். ஒருவன் டேப் என்றான், ஒருத்தி மூடி என்றாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பிள்ளைகளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். அக்கா மட்டும் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். திரும்பும் பஸ்ஸிலும் அதை மடியிலேயே வைத்திருந்தார். அறைக்கு வந்து விளக்கைப் பாயில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நாம பாடம் நடத்தலட்டி. பிள்ளையள வேலைக்குல்லா எடுத்திருக்கோம்."

அடுத்த வாரத்திலிருந்து லைனைக் கலைக்கப் போவதாகச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு பொருளைத் தானே யோசித்து, தானே செய்ய வேண்டுமாம். எனக்கு எரிச்சல். நன்றாக ஓடுகிறதை எதற்குக் கெடுக்க வேண்டும்? பிள்ளைகள் இப்படித் தவறாமல் வருகிறதுகள் என்றால் ஒன்றில்லாமல் ஒன்றுக்கு வேலை நடக்காது என்பதால்தான் வருகிறதுகள். எல்லாவற்றையும் தனியாகச் செய்யக் கற்றுக்கொண்டால் அப்புறம் யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். சும்மா வாய்ச் சண்டைக்காகக் கேட்டதுதான். ஆனால் அக்கா அதை முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"வராட்டி வராம போகட்டும்" என்றார்.

பெஞ்சுகள் தனித்தனியாகப் பிரிந்தன. உன் வீட்டில் என்ன கஷ்டம், அதற்கு என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு வந்தது பாருங்கள்! தெருக்குழாயில் தண்ணீர் விடும் நேரம் தெரியாமல் அம்மா பாதிச் சமையலில் ஓடுகிறாள் என்றான் ஒருவன். வாடகைக்காரர்கள் தொட்டியை வழியவிடுகிறார்கள், அதற்கொரு சண்டை என்றாள் ஒருத்தி. சுவிட்சின் அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நைட் செக்யூரிட்டி. பகலெல்லாம் தூங்குவார். யாராவது கதவைத் தட்டினால் எழுந்து வீட்டையே இரண்டாக்கிவிடுவாராம். சத்தமே போடாத காலிங் பெல் வேண்டும் என்றாள் அவள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, எப்படிச் செய்யலாம் என்று நீயே யோசித்துக்கொண்டு வா என்றார். அடுத்த வாரமே விடையோடு வந்தாள். வாசலில் ஒரு சுவிட்ச், சமையல்கட்டில் ஒரு சிவப்பு விளக்கு.

அக்கா 'தெரியலை' என்று சொல்லி நான் கேட்டது அந்த மாதங்களில்தான். லைனில் அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. இங்கே பிள்ளைகள் கேட்டால், எனக்கும் தெரியலை, வா பாப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அறையில் பழைய டிப்ளமோ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் பட்டதும் கத்துகிற கருவியைச் செய்து பார்ப்பார். டிரான்சிஸ்டரைத் திருப்பி மாட்டிக் கெடுப்பார், பல்பைக் கருக்குவார், மறுபடி செய்வார். ஒருநாள் எங்கள் தண்ணீர்க் குடத்திலிருந்து கீச்சென்று சத்தம் வந்தபோது சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார். எத்தனையோ சார்ஜர்கள் தன் கைக்கு அடியில் போனபோது வராத சிரிப்பு அது.

நான் சொன்னது பலித்துத் தொலைத்தது. வேலை முடிந்த பிள்ளை வந்து, முடிஞ்சிடுச்சி மிஸ் என்று காட்டும், வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகும். அடுத்த ஞாயிறு வராது. வீட்டில் இன்னொன்று செய்துகொண்டிருக்கும், அல்லது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும். ஒருவன் இல்லாவிட்டாலும் மற்றவன் வேலை நிற்காது, அதனால் யாரும் யாரையும் இழுத்து வருவதில்லை. கேட்டில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. இதெல்லாம் நல்ல அடையாளம்தான் என்று எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அந்தப் பிள்ளைகள் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

எங்கள் லைன்கள் பின்னால் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அக்கா கம்பெனி கொடுத்த செட்டில்மென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி, நம்பர் மாறிவிட்டது. நான் படப்பையில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறேன். கல்யாணமும் ஆனது, அது நிற்கவில்லை, அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் கொடுத்த ரோபோ பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். எல்லாம் தயாராக வருகிறது, எண் பார்த்துப் பொருத்தினால் போதும். இதில் நீ யோசித்தது என்ன என்று கேட்டேன். புரியாமல் என்னைப் பார்த்தான். அக்காவின் குரலில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன கடைசி ஞாயிறு ஒருவர்கூட வரவில்லை. வெயில் ஏறும்வரை வகுப்பறையில் உட்கார்ந்திருந்தோம். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா பையை எடுத்துக்கொண்டார். ஆட்டோவுக்கு நடக்கும் வழியில் தெருக்குழாயிலிருந்து ஒயர் இழுத்திருந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம், ஒரு பெண் குடத்தோடு குழாயடிக்கு ஓடினாள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் அவளுக்கு நேரமில்லை. அடுத்த தெருவில் சுவிட்சின் வீடு. நிலைக்குப் பக்கத்தில் அவள் மாட்டிய சுவிட்ச் இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் தயங்கி நின்றார், பிறகு அழுத்தினார்.

ஒரு சத்தமும் இல்லை. ஆனால் கதவு மெல்லத் திறந்தது. அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா தூங்கிகினு கீது மிஸ். இன்னா வோணும்?"

"ஒண்ணும் வேண்டாம்மா" என்றார் அக்கா. "வேலை செய்யுதான்னு பாத்தேன்."

சூப்பராக வேலை செய்கிறது என்று கிசுகிசுத்தாள். நாங்கள் இன்னும் நிற்பதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆட்டோ வரும்வரை அக்கா அழுதார். துடைத்துக்கொண்டே, நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கோம்ட்டி என்றார். எனக்கும் அழுகை வந்தது. அடுத்த வாரம் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் கேட்டார்கள். முதல் பெயராக அக்கா தன் பெயரைக் கொடுத்தார்.