பல்லில் நிற்காத பறி

பொன்னேரியில் ஒரு கிளினிக் எழுதிக்கொடுத்த சீட்டு: 'ரோசி, 46. இல்லத்தரசி. வாயுத் தொல்லை.'

இந்த இல்லத்தரசி விடிந்ததும் பழவேற்காடு ஏரியில் கழுத்துவரை அமிழ்ந்திருப்பாள். ஆளவேண்டிய இல்லம் பூட்டிக் கிடக்கும். இரண்டு கையும் சேற்றில் இறால் துழாவுவதால், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்வாள்.

அந்த கேஸ் ஒரே மாதத்தில் போய்விட்டது. அதற்குக் கொடுத்த மாத்திரை போகவில்லை. அதே சீட்டை மருந்துக்கடையில் காட்டி இரண்டு வருடம் வாங்கினாள். இந்தப் பொங்கலுக்குப் பிறகு அவள் வாய் தானாக எதையோ மெல்ல ஆரம்பித்தது. நாக்கு அவ்வப்போது வெளியே எட்டிப் பார்த்தது.

"இன்னா முணுமுணுக்கிற? திட்றதுன்னா சத்தமா திட்டு" என்றான் கணவன் ஆபிரகாம்.

"நான் எங்கய்யா திட்டினேன்? அதுவா ஆடுது."

சொல்லிவிட்டாளே தவிர, திட்டத்தான் செய்கிறோமோ என்று அவளுக்கே சந்தேகம். காரணங்கள் இல்லாமலும் இல்லை.

கூட இறால் பிடிக்கும் வளர்மதிக்கு வேறு கணிப்பு. "இன்னாக்கா, தண்ணிலயும் ஜெபமா? எனக்கும் சேர்த்துப் பண்ணு."

ஜெபத்துக்கு நடுவே பறி நழுவியது. காலையெல்லாம் பிடித்த இறால் ஏரிக்கே திரும்பியது. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. இப்படியே போனால் தொழில் அவ்வளவுதான். கேஸ்தான் வாய்க்கு ஏறிவிட்டது என்று முடிவுகட்டி, வேளைக்கு ஒரு மாத்திரை என்பதை இரண்டு மாத்திரை ஆக்கினாள். வாய்க்குச் சுறுசுறுப்பு கூடியது.

கடைசியில் பறியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா முன்னால் கவ்விக் காட்டினாள். பறி மேசைமேல் விழுந்தது.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரைல்லாம் இல்லமா. கேஸுக்குத்தான்."

டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் படித்தார். "இது மூளையில ஒரு சேதியைத் தடுக்குற மருந்து. ரொம்ப நாள் போட்டா சிலருக்கு வாய் இப்படி ஆடும். இதை நிறுத்திடலாம்."

"வயித்துக்குப் போட்டது வாயை எதுக்குமா ஆட்டணும்? அப்ப கேஸோடவே இருந்திருக்கலாமா?"

டாக்டர் பேனாவை எடுத்தார். "ஆட்டம் நிக்க மாசக்கணக்காகலாம். முழுசா நிக்காமலும் போகலாம். அடுத்த மாசம் வாங்க" என்று புதுச் சீட்டு எழுதினார். அதிலும் இல்லத்தரசிதான்.

மறுநாள் ரோசி பறியில் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். வாய் தன் பாட்டுக்கு மென்றது. அவள் ஒன்றரைக் கிலோ இறால் பிடித்தாள்.