சன்னல் வழியே வந்த தம்பி

எங்கள் பென் டிரைவைத் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டம்மா. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிற சாமானில் வைரஸ் இருக்குமாம். மாமா அதைக் கொழும்பில் புதிதாக வாங்கி வந்திருந்தார், உறைகூடப் பிரிக்கவில்லை. பிரிக்காத உறைக்குள் வைரஸ் எப்படிப் புகுந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். அவன் நடந்து அவள் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. ஆனால் அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவைக் கிளாக்கரின் மகன் தன் புதுக் கேமராவில் வீடியோ எடுத்தபோது, தப்படிக்கிறவர்களுக்குப் பின்னால் தம்பி ஓடி, தொப்பென்று விழுந்து, அழாமல் எழுந்து மறுபடி ஓடியது முழுவதும் அதில் பதிந்துவிட்டது. அந்த அண்ணனே என்னிடம் சொன்னார். பக்கத்து லயத்து அக்கா ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை குவைத் போக இருந்தாள். வீடியோவை ஒரு சிடியில் போட்டு அவளிடம் கொடுத்தால் அம்மா பார்த்துவிடுவாள். அண்ணனின் கம்ப்யூட்டரில் சிடி எழுத முடியாது. அதற்காகவே அம்மாவின் தம்பியான என் மாமா, தான் வேலை செய்த கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு கிழட்டு லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு, டயகம பஸ்ஸில் வந்து இறங்கினார்.

அவர் வந்த அன்றைக்கே கிளாக்கர் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகிறது. வாசலில் லொறி. கட்டில் ஏறிவிட்டது, அலுமாரி ஏறிவிட்டது. கம்ப்யூட்டரும் ஏறிவிட்டால் தம்பி ஓடியதும் அதோடு போய்விடும். நாங்கள் படிக்குக் கீழே நின்றோம். எங்கள் லயத்தில் யாரும் அந்தப் படிக்கு மேலே போனதில்லை. போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுமில்லை.

கிளாக்கரின் மகன் சன்னலில் தலையை நீட்டினார்.

"அண்ணே, எதையும் குத்த வேணாம். எங்கிட்ட ப்ளூடூத் இருக்கு. ஒங்க லேப்டாப்புல இருக்கா?"

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கு தம்பி, இருக்கு!"

"என்னடா அது?" என்றாள் உள்ளேயிருந்து அந்தம்மா.

"காத்துல போறதும்மா."

"காத்துல போனா போகட்டும். படியேறாம இருந்தா சரி."

ப்ளூடூத் என்ற சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். வயரே இல்லாமல் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போகும் என்றார் மாமா. அது எப்படி என்று கேட்டேன். "ரேடியோவுக்கு மட்டும் கொழும்புல இருந்து வயரா இழுத்திருக்கான்?" என்று என் வாயை அடைத்தார்.

படிக்குக் கீழே நின்றபோது ஒன்றும் அகப்படவில்லை. கிட்டே போனோம். இன்னும் கிட்டே. சன்னலுக்கு நேர் கீழே டேலியாப் பாத்தி ஓரத்துக்கு வந்ததும் அண்ணனின் கம்ப்யூட்டர் பெயர் மாமாவின் திரையில் முளைத்தது. நான் துள்ளிய துள்ளலில் ஒரு பூச்செடி சாய்ந்தது. ரகசிய நம்பர் ஒன்று அடிக்க வேண்டுமாம். "ஒண்ணு ரெண்டு மூணு நாலு!" என்று அண்ணன் சன்னலிலிருந்து கத்தினார்.

"ரகசியத்த இப்படியா கத்துறது? ஆளெண்ணுற பெரட்டுக்களம் வரைக்கும் கேக்குதே," என்றாள் எங்களைப் பார்த்துக்கொண்ட அத்தை. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கி வந்திருந்தாள்.

பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மழை. அத்தை இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, லேப்டாப்புக்கும் மாமாவின் தலைக்கும் மேலே கூடாரமாகப் பிடித்தாள். கொழுந்தெடுக்கையில் சேலை நனையாமல் கட்டுகிற துணி அது. அன்றைக்குக் கம்ப்யூட்டருக்குக் குடையானது. பின்னால் கூட்டம் கூடிவிட்டது.

"நடுவுல யாரும் நிக்காதீங்க, சிக்னல மறிக்கும்!" என்றார் மாமா.

தேருக்கு வழிவிடுவதுபோல் சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. அத்தை செருப்பைக்கூடக் கழற்றிவிட்டாள்.

"செருப்ப ஏன்க்கா கழட்டுறீங்க?" என்றார் மாமா.

"ஒரு மரியாதைக்குத்தான் தம்பி."

அந்த வழியில் ஒரு கோழி சாவகாசமாக நுழைந்தது. "புடி! புடி!" என்று எல்லோரும் அலறினார்கள். நான் பாய்ந்து அமுக்கினேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பச்சைக் கோட்டைப் பார்த்தேன். பாதியைத் தாண்டியிருந்தது.

அப்போது லொறிப் பையன் கம்ப்யூட்டரைக் கழற்ற அறைக்குள் போனான். "பொட்டக் இன்ன மல்லி!" என்று மாமா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினார். "லொறிக்காரன் எவ்வளவு நேரம் நிப்பான்? புடுங்கச் சொல்லுடா!" என்றாள் அந்தம்மா.

"புடுங்குனா நீங்க போற தோட்டத்துலயும் வெளங்க மாட்டீங்க!" என்று நான் சன்னலைப் பார்த்துக் கத்தினேன். அத்தை படங்கின் ஒரு முனையை விட்டுவிட்டு என் வாயைப் பொத்தினாள். மாமாவின் முதுகு நனைந்தது. அண்ணன் மட்டும் அசையவில்லை. பிளக்கின் முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். "முடியட்டும்மா, அப்புறம் புடுங்கலாம்."

முடிந்தது. மாமா அதைத் தட்டித் திறந்தார். தப்படிக்கிற சத்தம் கேட்டது. தம்பி ஓடினான், விழுந்தான், எழுந்து ஓடினான். அத்தை இடுப்பிலிருந்த தம்பி, திரையில் ஓடிய தம்பியைப் பார்த்து, "பாப்பா, பாப்பா" என்றான். சனம் கைதட்டி விசிலடித்தது. நான் கோழியை விட்டுவிட்டு லயம் முழுக்க ஓடினேன். "தொடாமலே வந்துருச்சு! உள்ள போகாமலே வந்துருச்சு!" அதைவிடப் பெரிய வெற்றி உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

பக்கத்து லயத்து அக்காவோடு சிடி குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து அம்மா போனில் கதைத்தாள். அவள் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் அவர்களுடைய கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்களாம். சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நான் போனைப் பிடுங்கி, படங்கு, ரகசிய நம்பர், கோழி எல்லாவற்றையும் கொட்டினேன். கோழிக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"மழையில ஏன் புள்ள வெளியில நின்னீங்க? சின்னவனையும் வச்சுக்கிட்டு?"

"உள்ள போகவே தேவையில்லம்மா. சுவரத் தாண்டி வந்துரும். அதுதான் ப்ளூடூத்து!"

"அப்ப மழையிலயும் ஒங்கள யாரும் உள்ள கூப்புடலையா?" என்றாள் அம்மா. அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் உரத்த குரலில், முதலிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.