கெத்தரின் பேசிய மூன்று நிமிடம்

புருஷன் கொண்டுவந்த பொட்டலங்களில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என கெத்தரின் ஒருநாளும் சொன்னதில்லை. போதைத்தூள் என்று தெரிந்துதான் அரிசி வாளிக்குள் மறைத்து வைத்தாள். பொலிஸ் வந்த அன்று அவன் மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கி ஓடிவிட்டான். அவளுக்கு ஏழு வருடம் விழுந்தது. மகள் நிரோஜாவைத் தங்கை எடுத்து வளர்த்தாள்.

விடுதலையாகி மாத்தளைக்குத் திரும்பியபோது தோட்டத்து லயத்தில் அவள் இருந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது. அடையாள அட்டையும் தொலைந்துவிட்டது. விலாசம் இல்லாதவளின் புது அட்டை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட முடியாது என்றார் கிராம சேவகர்.

அந்த நேரத்தில்தான் சிறையிலிருந்து வந்தவர்களைக் காலூன்ற வைப்பதற்கென்று புதிதாக ஒரு நீதிமன்றம் தொடங்கியிருந்தார்கள். மாதத்துக்கு ஒரு புதன்கிழமை அது கூடும். நீதிபதி ஒரு அம்மா. அவர் சிங்களத்தில் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார்.

"உக்காருங்க. காலையில சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க."

வழக்கு நடந்த காலத்தில் பதினொரு தடவை கூண்டில் நின்றவள் கெத்தரின். அங்கே யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அன்று அழுதுவிட்டாள்.

அந்த நீதிமன்றத்தின் அலுவலர் தினுஷா நாலு இடம் அலைந்து அட்டை எடுத்துக் கொடுத்தாள், வாடகை அறை பிடித்தாள். மாத்தளைக்குப் பக்கத்து நாலந்தாவில் லாபிர் என்பவரின் வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவா எண்ணெயும் மிளகும் விற்கிற வேலை. சிறைக் கதை லாபிருக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நிரோஜா வந்து மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போனாள்.

எட்டாவது மாதம் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் இன்னொரு மாவட்டத்திலும் இப்படியொரு நீதிமன்றம் திறப்பார்களாம்.

"அக்கா, மூணு நிமிஷம் பேசினாப் போதும்" என்றாள் தினுஷா.

"படம் எடுப்பாங்களா மிஸ்?"

"சேச்சே, இல்ல."

கெத்தரின் பேசினாள். தான் செய்த பிழையையும் நாலந்தா வேலையையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அதிகாரிகள் கைதட்டினார்கள். அவர்களில் யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் பிடித்து, நல்லெண்ணத்தோடுதான், எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் லாபிர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்களப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா வேன் ட்ரைவர்மார் சொல்றாங்க, தூள் வித்த பொம்பள இருக்கிற எடத்துக்கு ஆள் கொண்டு வர ஏலாதெண்டு. நான் என்ன செய்ய?"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு எழும்பி வந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு நிரோஜா வரவில்லை. கெத்தரின்தான் அவளுக்குப் போன் எடுத்தாள்.

"நீங்க குவைத்ல இருந்தீங்கன்னுதான் ஸ்கூல்ல சொல்லியிருந்தேன்" என்றாள் மகள். "ஏழு வருஷம் அப்படியே சொல்லிக் காப்பாத்தினேன். ஒங்கள யாரு பேசச் சொன்னது? இனி எனக்குப் போன் எடுக்காதீங்கம்மா."

அடுத்து நீதிமன்றம் கூடிய புதன்கிழமை தினுஷா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வீடியோ கதைய உள்ள சொல்லிறாதீங்க. இந்தக் கோர்ட்டையே மூடிருவாங்க."

வேலை ஏன் போனது என்று நீதிபதி கேட்டார். கெத்தரின் பின்வரிசை வாங்குப்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். ஏழெட்டுப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கினார்.

"அது… அம்மா தன்னை மன்னிச்சிக்கச் சொல்றாங்க."

இனி இந்த மண்டபத்துக்குள் கைப்பேசி கூடாது என்று நீதிபதி அன்றே உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அது உதவும். இரண்டாவது நீதிமன்றத்துக்கும் அனுமதி கிடைத்தது; அதிகாரிகளுக்கு கெத்தரினின் பேச்சு மிகவும் பிடித்துப்போயிற்றாம்.

இப்போது அவள் தூரத்து ஊரான வில்கமுவவில் வயல் வேலை செய்கிறாள். மாதத்துப் புதன்கிழமை தவறாமல் பஸ் மாறி மாறி நீதிமன்றத்துக்கு வருகிறாள்.

"மகள் பேசினாவா?" என்று நீதிபதி ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

"இல்லைங்க."

நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொள்வார். அடுத்த தவணைத் திகதியைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிடுவார்கள்.