ராத்தாவின் கைக்குள் நாலு கராம்பு

எனக்கு மூத்தவளான ராத்தா ஜெஸீமாவுக்கு வலிப்பு வருத்தம். மகள் பஸீஹாவை நாலு மாதக் குழந்தையாக மடியில் வைத்திருந்தபோது ஒருநாள் அப்படியே சரிந்து விழுந்தாள். அன்றே மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையைப் புசல்லாவைக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

"ஆறு மாசம் விழாம இருந்தா வந்து பாருங்கோ" என்றார் ராத்தாவின் மாமி.

அம்பிட்டியவில் எங்களோடு இருந்த ராத்தாவுக்கு அந்த ஆறு மாதம் சேரவேயில்லை. பிள்ளைக்கு ஏழு வயதாகிவிட்டது.

விழுந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்போம், யாஸீன் ஓதுவோம். வேறொன்றும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்து டாக்டர் பத்மாதேவிதான் ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

"விழுறதுக்கு முன்னம் உங்களுக்கு என்ன தெரியும்?"

ராத்தா வெட்கத்தோடு சொன்னாள். "டயர் எரியிற மணம் வரும், நோனா."

"அது வந்த உடன கையை இறுக்கிப் பொத்துங்கோ. மூச்சை மெல்ல மெல்ல வெளியால விடுங்கோ. காரமான மணம் ஏதும் மூக்கில வையுங்கோ. நான் தாற மருந்துக் குளிசையை விடக்கூடாது. சாவி வேண்டாம்."

அன்றிலிருந்து ராத்தாவின் முந்தானை முடிச்சில் நாலு கராம்பு. தொழுது முடித்த பாயிலேயே இருந்து மூச்சைப் பழகுவாள். முதலில் இரண்டு தரம் விழுந்தாள். பிறகு மணம் வரும், கராம்பை முகர்வாள், வந்தது போய்விடும். அல்லாஹ்வின் ரஹ்மத்.

ஆனால் அது எண்பத்தொன்பதாம் ஆண்டு, கிளர்ச்சிக் காலம். ரோட்டிலும் டயர் எரிந்தது.

"பாயிஸா, உனக்கும் மணக்குதா?" என்று என்னைக் கேட்பாள்.

"ஓ ராத்தா."

"அப்ப வருத்தம் எனக்கில்ல, நாட்டுக்கு."

இல்லையென்று நான் சொன்னால் அவள் கை கராம்பைப் பொத்திக்கொள்ளும்.

விழாமல் ஆறு மாதம் நிறைந்தது. பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பிள்ளையை நிறுத்தி அளவெடுத்து, மகளுக்கு ஒரு கவுன் தைத்தாள். இருவரும் புசல்லாவைக்குப் பஸ் ஏறினோம். கம்பளை டவுன் தாண்டியதும் அவள் கை கராம்போடு இறுகியது. கண்ணை மூடி மெல்ல மூச்சு விட்டாள்.

"மணக்குதா?"

எனக்கும் மணந்தது. "ஓ ராத்தா" என்றேன்.

பஸ் நின்றது. கொண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். முன்னால் டயர் போட்டு ரோட்டை மறித்திருக்கிறார்களாம், பஸ் திரும்பப் போகிறதாம்.

ராத்தா கையை விரித்தாள். "அல்ஹம்துலில்லாஹ், என்டதில்ல" என்றாள். சிரிக்கவில்லை.

பஸ் திரும்பியதும் எழுந்து பின் சீட்டுக்குப் போனாள். பின்கண்ணாடி வழியாகப் புசல்லாவைப் பக்கத்தையே பார்த்தாள். வளைவில் மலை மறைந்த பிறகு கவுனை மடியில் விரித்து, தோளளவைச் சாணால் அளந்தாள்.

"ரோடு திறக்கக்குள்ள இது அவளுக்கு அளவா ஈக்குமா, பாயிஸா?"