நாலடிக் குழாய்

என் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். இருபத்தாறு வருடமாக ஊரார் அழுக்கோடுதான் அவள் பிழைப்பு. வார்டுகளில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அலசி அனுப்ப வேண்டிய அசிங்கமான துணியை அப்படியே உள்ளே திணித்து, ஓரளவு நல்ல போர்வையை மேலே சுற்றிக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அதனால் அக்கா எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். தலைமை நர்ஸே வந்து நின்றாலும் "பிரிங்க" என்பாள், அவ்வளவுதான். அங்கே அவளுக்கு 'மூக்கு' என்று பட்டப்பெயர்.

அத்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்ததில் இடுப்பு எலும்பு நொறுங்கியது. ஐந்து மாதமாக மறுவாழ்வு மையத்தில் கிடந்தார். இனி மாடிப்படி ஏற முடியாது. அக்கா வீட்டில் படுக்கையறை, குளியலறை எல்லாமே மாடியில்தான். கீழ்த்தளத்தில் குளியலறையோடு ஓர் அறை கட்டி, அதற்கு நிறைவுச் சான்றிதழ் வாங்கிக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று மையத்தில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிவரைதான் அங்கே கட்டில். அதற்குப் பிறகு வேற்றூரில் ஒரு காப்பகம். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அறையைக் கட்டியது என் கணவர். அவர் சின்னக் கான்ட்ராக்டர். வெளி ஆள் எதற்கு என்று அக்காவை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவள் நான். எங்கள் வீட்டுப் பின்பக்கக் குளியலறையும் அவர் கட்டியதுதான். அதை ஒட்டி வளரும் புல்லைக் காட்டி, தண்ணீரே ஊற்றாமல் இப்படி வளர்கிறது, எல்லாம் அவர் கைராசி என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒன்றரை மாதத்தில் அறை எழுந்தது. வெள்ளை டைல்ஸ், சுவரில் பிடிமானக் கம்பி, தள்ளுநாற்காலி நுழையும் அகலத்தில் கதவு. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அக்கா மட்டும் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினாள். ஏதோ வாடை அடிக்கிறதே என்றாள். புது சிமென்ட் அப்படித்தான் இருக்கும், ஆஸ்பத்திரி மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று நான் கிண்டல் செய்தேன்.

பிறகு சான்றிதழ் கொடுக்க வேண்டிய கட்டட ஆய்வாளர் வந்தார். அந்த ஆளைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குப் பிடிக்கவில்லை. ஓயாத ஜலதோஷம். மூக்கைத் துடைத்த கையாலேயே புதுக்கதவைத் தடவினார். பேனா மூடியைக் கடித்துக் கடித்து, எச்சில் ஒழுகும் அந்த மூடியாலேயே டைல்ஸைத் தட்டினார். பிறகு, தரைக்குள் கழிவுக்குழாய் பதித்ததும் மூடாமல் தன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும், கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட முடியாது, ஒரு வரிசை டைல்ஸை உடைத்துக் காட்டுங்கள், வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் கணவரோ, தான் இரண்டு முறை கூப்பிட்டும் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து நாய்கூட வரவில்லை என்றார். நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாவது மாடி, நாற்றமெடுத்த நடைபாதை, நாற்காலி நாற்காலியாக அலையவிட்டார்கள். இடுப்பு உடைந்த மனுஷனை வைத்து விளையாடுகிறீர்களா என்று வாய் கிழியக் கத்தினேன். எழுத்தர் பெண் பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். அக்கா வீட்டு முகவரியில் எந்த அழைப்பும் பதிவாகவில்லை. நீங்களே எழுதுவீர்கள், நீங்களே அழிப்பீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்த ஜலதோஷக்காரர் மேல் ஒரு புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நடந்ததையெல்லாம் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். பாதி மடிப்பில் கை நின்றது.

"அவர் கேக்கறது நியாயம்தானே? நானும் தினமும் அதைத்தானே கேக்கறேன்" என்றாள்.

அன்று மாலையே சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. முதல் டைல் பெயர்ந்தது. மூன்றாவது டைலுக்குக் கீழே மண் கறுப்பாக இருந்தது. ஐந்தாவதைப் பெயர்த்ததும் நாற்றம் குப்பென்று வந்தது. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். அக்கா அசையவே இல்லை. டார்ச் அடித்துக் காட்டினாள்.

குழாய் சுவரிலிருந்து நாலடி வந்திருந்தது. அதோடு சரி. வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிற சாக்கடைத் தொட்டிக்கு இன்னும் ஏழடி போக வேண்டும். நடுவில் பழைய அஸ்திவாரக் கல் ஒன்று குறுக்கே கிடந்தது. அதை உடைக்கச் சோம்பல்பட்டு, குழாய் வாயில் கிழிந்த சிமென்ட் சாக்கைத் திணித்து, மண்ணை இழுத்துவிட்டு, மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். வேலையாட்கள் மூன்று வாரம் அதே கழிப்பறையைத்தான் பயன்படுத்தினார்கள். எல்லாம் அங்கேயே தேங்கி, புழு நெளிந்துகொண்டிருந்தது. அத்தானின் கட்டில் வரவேண்டிய இடம் அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான்.

என் கணவரை வரச்சொன்னோம். குழியை எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் நிற்கவில்லை. "மண்ணு உறிஞ்சிக்கும்க்கா. எத்தனையோ வீட்ல இப்படித்தான் ஓடுது. ஒரு குழாய்தானே, குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்."

அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். "உங்க மூட்டையை மட்டும் நான் பிரிச்சுப் பாக்கல தம்பி. போங்க" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. பதினெட்டு வருடம் ஒரே தட்டில் பங்கு போட்டுச் சாப்பிட்ட ஆளை அன்று பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட என் வாயை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. ஒரு தும்மலுக்காக அந்த ஆய்வாளரை எத்தனை கேவலமாகப் பேசியிருந்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்து குழியைப் பார்த்தார். மூக்கை மூடக்கூட இல்லை, அவருக்குத்தான் அடைத்திருந்ததே. எழுதிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் குழாய் வேலை பார்க்கும் பெரியவரை அக்கா கூட்டி வந்தாள். வேலை முடிந்து வந்து இரண்டு பேருமாகக் கல்லை உடைத்தார்கள். அந்தச் சேற்றை வாளியில் அள்ளிக் கொட்டியது நான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வாளர் மறுபடி வந்தார். கழிப்பறையில் பச்சைச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, சாக்கடைத் தொட்டி மூடியைத் திறந்து பக்கத்தில் குந்தினார். அக்காவும் அவர் பக்கத்திலேயே குந்தினாள். சேலை தரையில் புரண்டதை அவள் கவனிக்கவில்லை. பச்சைத் தண்ணீர் வந்தது. கடித்த மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். கட்டியவர் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று அக்காவிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாளே அத்தான் வந்துவிட்டார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியதும் தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அப்பா, அஞ்சு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் நாறாத துணி" என்றார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். கணவர் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். நேரே பின்பக்கம் போனேன். மழை பெய்து ஒரு மாதம் ஆகிறது. தெருவில் எல்லார் வீட்டிலும் புல் காய்ந்து கிடந்தது. எங்கள் குளியலறைச் சுவரை ஒட்டி மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றது. நடுவில் கால் வைத்தேன், செருப்பு அமுங்கியது. குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

அங்கேயே நின்று அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எந்த ஆய்வாளர் வேண்டும் என்று எழுத்தர் பெண் கேட்டாள். ஜலதோஷம் பிடித்த அவரையே அனுப்பச் சொல்லி, எங்கள் வீட்டு முகவரியைச் சொன்னேன்.