பத்து மணி மாடு

கதவைத் திறப்பதும் சாத்துவதும் எளிய வேலை. யாருக்கு எப்போது திறப்பது என்று இன்னொருவர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத் திறப்பதுதான் பாவத் தொழில். பட்டியலைக் கையிலும் மனிதரை எதிரிலும் வைத்துக்கொண்டு விழித்த அன்பர்களே, நீங்கள் எவ்வாசலில் நின்றிருந்தாலும் இது உங்களுக்குப் புரியும். மலாயாவில் வெள்ளையர் அறிவித்த அவசரகாலத்தில், கோலா குபு பாருவுக்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அடியேன் வாசல் கிராணி, அதாவது வாசற்கணக்கு எழுதுபவன்.

நேரப் பட்டியல்

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரலாகாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுப்பினார்கள். வாசல் ஒன்றே. பாதுகாப்பைக் கவனித்த வெள்ளைக்காரச் சின்னத்துரை, ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து என் மேசையில் ஒட்டினார். பால்மரம் சீவுவோர் காலை ஐந்தரைக்கு வெளியே. பிற்பகல் ஒன்றரைக்கு உள்ளே. மாலை ஆறுக்கு மேல் எவருக்கும் வழியில்லை. கோயிலில் காலந்தோறும் நடை திறந்து சாத்துவதைக் கண்டு வளர்ந்தவன் நான்; இறைவன்கூட இத்தனை கறாராக இருந்ததில்லை.

முதல் வாரமே, காலை பத்து மணிக்கு லெட்சுமி வந்து நின்றாள். மூன்று மாதக் கைக்குழந்தை வேலிக்குள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில். அவள் மரம் சீவும் வெட்டு வேலிக்கு வெளியே. முன்பெல்லாம் தாய்மார் பத்து மணிக்கு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது எட்டு மணி நேரம் பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீரே கதி. அதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பட்டியலில் பத்து மணி கிடையாது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவேயில்லை.

"எம்புள்ளைக்கு அதப் படிக்கத் தெரியலீங்களே, ஐயா."

ஆறு பத்து

சட்டம் எழுதிய சின்னத்துரையே ஒருநாள் மாலை ஆறு பத்துக்கு வந்து சேர்ந்தார். 'எவருக்கும் இல்லை' என்பதன் கீழே அவர் கையெழுத்தே இருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? திறந்தேன். அடியேன் அத்தனை வீரன் அல்லன். பதிவேட்டில் என்ன நேரம் எழுதுவது என்று மட்டும் பணிவோடு கேட்டேன். தோட்டத்தில் கற்ற தமிழில் அவர் அருளியது:

"அஞ்சு அம்பத்தஞ்சு போடு கிராணி. பேனா உன் கையிலேதானே இருக்கு?"

வேலிக்கு உட்புறம் தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற லெட்சுமி இதையெல்லாம் பார்த்துவிட்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் பக்கமாக வந்தாள்.

"தொரைக்கு நேரத்தத் திருத்துற பேனா, என் புள்ளைக்கு எழுதாதுங்களா?"

கயிறு

அன்றிரவு வாசல் மேசையில் விளக்கேற்றி உட்கார்ந்தேன். பாராயணம் செய்வதுபோல் அந்தப் பட்டியலை வரிவரியாகப் படித்தேன். ஆற்று வெள்ளத்தில் தாய் வரமுடியாமற் போன வீட்டுக்குத் தானே தாயாய் வந்தான் இறைவன் என்று கேட்டிருக்கிறோம். நம் தோட்டத்துக்கு மாட்டை அனுப்பினான். பதினோராவது வரியில் அது இருந்தது: 'மாடும், பிடித்து வருபவரும்: காலை பத்து முதல் பத்தரை வரை.' வெளியே மேயும் அந்தப் பசு, துரைமாரின் தேநீருக்காக அந்நேரத்தில் வேலிக்குள் இருந்த ஆபீசுக்கு வந்து பால் கறக்கவேண்டும். பிடித்து வருபவர் யார் என்று தாள் சொல்லவில்லை.

மாட்டுக்காரர் முனியாண்டியிடம் போய்ச் சொன்னேன். மறுநாளே கயிற்றை லெட்சுமியிடம் கொடுத்துவிட்டு மரத்தடியில் காலை நீட்டிவிட்டார். மாடு முரண்டு பண்ணாதா என்று கேட்டேன்.

"யாரு பிடிச்சாலும் அது வரும்ங்க. ஆள் பாக்குறது உங்க வாசல்தான்."

முரட்டு மாடு

நல்ல வழி வெகுநாள் ஒருத்தியிடம் தங்காது. ஒரே மாதத்தில், அந்தக் கயிற்றை ஐந்து தாய்மார் பிடித்து வந்தார்கள். கடைசிப் பெண், கயிறு எட்டாமல், வாலைப் பிடித்திருந்தாள். அன்று பார்த்துச் சின்னத்துரை வாசலில் நிற்கிறார். வேலை போகும், அக்காலத்தில் வேலையோடு நிற்குமென்றும் உறுதியில்லை.

ஒரு மாட்டுக்கு ஐந்து பேர் எதற்கு என்று அவர் கேட்டார். லெட்சுமி கண்ணிமைக்கவில்லை.

"பொல்லாத மாடுங்க தொரை. ஒருத்தி பிடிச்சா நிக்காது."

அந்தப் பொல்லாத மாடு வாசற்கம்பத்தில் தாடையைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தது. துரை மாட்டைப் பார்த்தார். பால் கட்டி நனைந்திருந்த சேலைகளைப் பார்த்தார். பிறகு தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வரியை அடித்தால் அவருடைய தேநீரும் கறுத்துப்போகும்.

"பத்து ஆயிட்டுது, கிராணி. மாட்டை உள்ளே விடு."

அடுத்து வந்த பட்டியலில் 'மாடு ஒன்று, பிடித்து வருபவர் ஐவர்' என்று திருத்தமாகத் தட்டச்சாகி இருந்தது; ஐந்து பிள்ளைகளும் பால் குடித்துத் தேறின என்றாலும், தாய் என்றொரு பிறவி அத்தோட்டத்தில் உண்டென்பதை அந்தத் தாள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.