மருதமரத்தில் அடிக்காத ஆணிகள்

பிற்பகல் மூன்று மணி நாற்பதுக்கு எல்லாம் பிசகத் தொடங்கியது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பழைய செய்தித்தாளில் சுற்றிய நான்கு ஆணிகளை என் கையில் கொடுத்தபோது, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்றார். நான்கு மணிக்குப் பெரியப்பாவுக்குப் பாராட்டு விழா.

கண்டி வாவியிலிருந்து மேலேறும் எங்கள் தெருவின் கீழ்முனையில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. தெருவை அகலமாக்க அதை வெட்டுவதென்று முடிவானபோது பெரியப்பா எதிர்த்து மனு எழுதினார். நகரசபையில் வரும் கடிதங்களைப் பதிகிற வேலை அவருக்கு. ஆகவே அவர் எழுதிய மனு அவருடைய மேசைக்கே வந்து சேர்ந்தது. அதற்கு முறைப்படி முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, மேலே அனுப்பினார். பிறகு லீவு போட்டுவிட்டு வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் உட்கார்ந்தார். மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தெருதான் வளைந்து போனது.

மரம் பிழைத்த பிறகும் அவர் அதை விடவில்லை. டியூஷன் வகுப்பு, பல் வைத்தியர், புதுப்படம் என்று யாராவது அதில் பலகை அடித்துக்கொண்டே இருப்பார்கள். பெரியப்பா ஞாயிறுதோறும் குறடோடு போய் ஆணிகளைப் பிடுங்கி, துளைகளில் களிமண் அப்பிவிட்டு வருவார். பிடுங்கும்போது, தன் பல்லையே யாரோ பிடுங்குவதுபோல அவர் முகம் கோணும்.

இது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனாலும் எங்கள் தெரு வரலாற்றுக் கழகத்தார் அவரைக் கௌரவிக்க ஒரு பித்தளைத் தகடு செய்வித்தார்கள். ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவர் கழகத்தின் தலைவர்; அப்பா செயலாளர். தகட்டில் மும்மொழியிலும் ‘இம்மரத்தைக் காத்தவர்’ என்று எழுதி, கீழே பெரியப்பாவின் பெயரைப் பொறித்திருந்தார்கள். விழா தெரியும்; தகடு மட்டும் பெரியப்பாவுக்குத் தெரியக்கூடாது. எழுத்தின் அளவு, மொழிகளின் வரிசை எல்லாவற்றுக்கும் பல கூட்டங்களில் வாதம் நடந்ததாம். தகட்டை எங்கே அடிப்பது என்பதில் மட்டும் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது.

“பெரியப்பாவுக்குப் புடிக்காதுப்பா” என்றேன்.

“அவருக்கு மரியாதை செய்றோம் புள்ள. அது எப்பிடிப் புடிக்காமப் போகும்?” என்று கேட்டுவிட்டு அப்பா ஏணி வாங்கி வரப் போனார்.

ஆணிகளோடு நான் தனியே நின்றேன். தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் போட்டால் எடுத்துவிடுவார்கள். வீட்டில் ஒளித்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். முன்பொருமுறை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்போது அப்பாவின் தொப்பி பஸ் ஜன்னல் வழியாகப் பறந்து மகாவலி ஆற்றில் விழுந்தது. அது திரும்பவே இல்லை. எனக்குத் தெரிந்து, போட்டால் திரும்பாத இடம் அது ஒன்றுதான். ஐஸ்பழம் வாங்கப் பெரியம்மா தந்த சில்லறை கையில் இருந்தது. பஸ் நிலையத்துக்கு நடந்துபோய், அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகிற மடவளை பஸ்ஸில் ஏறிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாளோடு வந்தவள் என்று பார்த்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அப்படி ஏறிப் போன பிள்ளையை இன்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை என் மகன் டியூஷனிலிருந்து இரண்டு மணிநேரம் பிந்தி வந்தான். போனில் சார்ஜ் இல்லையாம். கூட்டாளி வீட்டில் மாட்ச் பார்த்தானாம். அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பாலத்தருகே இறங்கி, பாலத்தில் நின்று நான்கு ஆணிகளையும் ஒவ்வொன்றாக ஆற்றில் போட்டேன். விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அதன் பிறகுதான் திரும்பிப் போகக் காசில்லை என்பது உறைத்தது. பாலத்தடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்ட வந்தார்.

“மகள் யாரோட வந்தீங்க?”

“தனியா.”

“தனியாவா? வாப்பாக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா ஆணியக் கேப்பாரு.”

அவர் என்னைக் கடைக்குள் கூட்டிப் போனார். சீனி மூட்டைமேல் உட்காரவைத்து, கையில் பிஸ்கட் கொடுத்தார். எங்கள் தெருவின் பெயரை மட்டும் விசாரித்துக்கொண்டு, கண்டிக்குப் போகிற பஸ்ஸை மறித்து, நான் அவர் கடையில் இருக்கிறேன் என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை செய்தி சொல்லி அனுப்பினார்.

விழா என்ன ஆனது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆணிகளைத் தேடத் தொடங்கியவர்கள் கால்மணி நேரத்தில் என்னைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பெரியம்மா மடித்துக் கொடுத்த புது வேட்டியோடு சரியாக நாலு மணிக்குப் பெரியப்பா வந்திருக்கிறார். தலைவர் மாலையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாராம். விஷயத்தைக் கேட்ட பெரியப்பா மாலைக்குக் குனியாமலே ஓடிவிட்டாராம்.

ஆறரை மணிக்கு, கடையில் விளக்குப் போட்ட நேரம், ஒரு பஸ்ஸிலிருந்து பெரியப்பா இறங்கினார். என்னைத் திட்டவில்லை. முதலில் கடை முதலாளியின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது.

அவர் சந்தோஷப்படுவார் என்று, நாலு ஆணியையும் ஆற்றில் போட்டுவிட்டதைச் சொன்னேன்.

“மரந்தானே புள்ள” என்றார். “நாலு ஆணி. அடிச்சா அடிச்சிட்டுப் போறாங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு ஆணிக்காகப் பல் வைத்தியரின் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டவர் இவர். இவருக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று கோபமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே பார்த்தபோதுதான் அவருடைய வேட்டி கண்ணில் பட்டது. இடுப்புவரை நனைந்து, சேறு அப்பிக் காலோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு காலில் செருப்பில்லை.

“மழையே பெய்யலியே, ஏன் பெரியப்பா நனைஞ்சிருக்கீங்க?”

“வாவியில எறங்கிப் பாத்தேன்” என்றார்.

“மீன் பாக்கவா?”

அவர் ஆற்றின் பக்கம் பார்த்தார்.

“ஆமா புள்ள” என்றார். “மீனுதான்.”